மிஸ், அங்க ரைஸ் மில் ஓடுதா?

ஐப்பசி 3, செவ்வாய்

முந்தாநாளிலிருந்து கம்ப்யூட்டர் ஒரேயடியாக இரைகிறது. சத்தத்தில் பாடம் புரியவில்லை என்று நேற்றே ஒரு பிள்ளையின் அம்மா மெசேஜ் போட்டிருந்தார். இன்று காலை ஆன்லைன் வகுப்பில் ஒரு பையன், "மிஸ், அங்க ரைஸ் மில் ஓடுதா?" என்று கேட்டேவிட்டான்.

மத்தியானம் பெட்டியைத் திறந்து, ஃபேனில் இருந்த தூசியையெல்லாம் பெயின்ட் பிரஷ்ஷால் தட்டினேன். மேஜை மேல் வைத்து ஓட்டினால் சத்தமே இல்லை. நிம்மதியாகப் பழையபடி மேஜைக்கு அடியில் வைத்தேன். கால் மணி நேரத்தில் மறுபடி அதே இரைச்சல். அப்படியென்றால் கோளாறு பெட்டியில் இல்லை, வைத்த இடத்தில். டார்ச் அடித்துப் பார்த்தேன். சூடான காற்று வெளியே வரும் ஓட்டையை அடைத்துக்கொண்டு ஒரு ஈரச்சாக்கு. உள்ளே விதைநெல்.

வயலிலிருந்து வந்த வீட்டுக்காரரை வாசலிலேயே பிடித்துக்கொண்டேன். "கரண்டு பக்கத்துல ஈரச்சாக்க வைப்பாங்களா? வேற எடமே கெடைக்கலையா உங்களுக்கு?"

"மழைக் குளிர்ல போன வாரம் ஊறவச்ச வெதை முளைக்கவே இல்ல. இதுவும் போச்சுன்னா இந்த வருஷம் தாளடி நடவே இல்ல. வீட்டுலயே அங்கதான் கதகதப்பா இருக்கு" என்றார்.

இன்னும் நாலு வார்த்தை திட்டத்தான் சாக்கின் வாயைப் பிரித்தேன். பாதி நெல்லில் வெள்ளை முனை வந்திருந்தது.

சாக்கை ஒரு சாண் தள்ளி, பலகை மேல் வைத்தேன். இரைச்சல் நின்றுவிட்டது.

சாயங்கால வகுப்பு முடிந்து மூன்று மணி நேரமாகிறது. கம்ப்யூட்டரை இன்னும் அணைக்கவில்லை.