கோர்ட்டுக்குத் தெரியாத கற்பூரம்

ஆசைத் தம்பி குணாவுக்கு,

நீ போன பிறகும் உன் பெயருக்குக் கடிதம் வந்தது, ராசா. அரசாங்கத்தின் வழக்கறிஞர் அனுப்பியது. வழக்கில் நீ தோற்றதால் அவர்கள் செலவை நீதான் கட்டவேண்டுமாம். செத்தவனிடம் எப்படி வாங்குவார்கள் என்று சிரித்தேன். நம் லாயர் பொண்ணு சிரிக்கவில்லை. "வீட்டுல தம்பி பங்கு இருக்குல்லக்கா, அதுல கைய வைப்பாங்க" என்றாள்.

கோப்பெங்கில் நீயும் நானும் சேர்ந்து வாங்கிய வீடு. ரப்பர் தோட்டத்தை விட்டு நம்மை வெளியேற்றிய பிறகு நமக்கென்று இருக்கும் ஒரே கூரை. உன்னை அடித்தது அவர்கள் சம்பளம் கொடுத்து வைத்திருந்த வார்டன். உன் வலது காதைச் செவிடாக்கியது அவர்கள் நடத்திய பிள்ளைகள் இல்லம். செலவு மட்டும் நம்முடையதா? இது எந்த ஊர் நியாயம் என்று நான் யாரிடம் போய்க் கேட்க?

தீர்ப்பு நாளில் ஈப்போ கோர்ட்டில் இடது காதைத் திருப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். அப்படியும் விளங்கவில்லை.

"என்னாக்கா சொல்றாரு?"

"லேட்டாயிருச்சாம்பா. வயசு வந்த கையோட கேஸ் போட்டிருக்கணுமாம்."

"அவன் அடிச்சானா இல்லையான்னு சொன்னாரா?"

"அதப் பத்திப் பேசவே இல்லலா."

பசிக்குது, சாப்பிடப் போலாம் என்றாய். கடையில் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாய், ஒரு வாய் வைக்கவில்லை. சில மாதத்தில் நெஞ்சுவலி வந்தது.

ஏன் தாமதம் என்று நமக்குத்தானே தெரியும். அப்பா இறந்ததும் உன்னை அந்த இல்லத்தில் சேர்த்த அம்மா, காதில் சீழோடு நீ திரும்பி வந்தபோது பயந்துபோனாள். புகார் கொடுத்தால் மறுபடி உன்னைப் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்று நினைத்தாள். சிலிம் ரிவர் தோட்டத்து முனியாண்டி கோயிலில் கற்பூரம் ஏற்றி, "நா உசுரோட இருக்கிற வரைக்கும் யாருகிட்டயும் சொல்லக்கூடாது. அடிச்சு சத்தியம் பண்ணு" என்றாள். நானும் பக்கத்தில் நின்றேன். சின்னக் கையால் அந்தத் தீயை அடித்து அணைத்தாய்.

தலை நரைக்கும்வரை அதைக் காப்பாற்றினாய். அம்மாவின் கருமாதி முடிந்த மறுநாளே லாயரைத் தேடிப் போனாய். அம்மா மேல் எனக்குக் கோபம் கோபமாக வருகிறது, அப்புறம் பாவமாகவும் இருக்கிறது. லாயர் இந்தச் சத்தியத்தைக் கோர்ட்டில் சொல்லிப் பார்த்தாள். எடுபடவில்லை.

இல்லத்தில் உன் பக்கத்துக் கட்டிலில் படுத்துத் தமிழ் பழகிய கியோங், ஆயர் தாவாரிலிருந்து துக்கம் கேட்க வந்தான். அவனும் அந்த வார்டனிடம் அடிவாங்கியவன், உன் தீர்ப்பைப் பார்த்துவிட்டு வழக்குப் போடலாம் என்று காத்திருந்தவன். "நா போடலலா அக்கா. வீடு போச்சுன்னா புள்ளைங்கள எங்க வைப்பேன்?" என்றான். போடு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அதன் பிறகு அரசாங்கத் தரப்பில் கொஞ்சம் இறங்கி வந்தார்கள். நாம் மேல்முறையீட்டுக்குப் போகாவிட்டால் செலவைக் கேட்கமாட்டார்களாம். "மேல போலாம்க்கா. ஆனா தோத்தா அந்தச் செலவும் சேர்ந்துக்கும்" என்றாள் லாயர். உனக்காக ஒரு வெள்ளிப் பணம்கூட வாங்காமல் உழைத்த பிள்ளை, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். உன் மச்சான் பக்கவாதத்தில் படுத்துக் கிடக்கிறார். அவரைத் தூக்கிக்கொண்டு எந்த வாடகை வீட்டுக்குப் போவேன்?

மேலே போகமாட்டோம் என்று நேற்றுக் கையெழுத்துப் போட்டுவிட்டேன், குணா. அழுதுகொண்டேதான் போட்டேன். நீ சொன்னது நிஜம் என்று இனி எந்த நீதிபதியும் சொல்லப்போவதில்லை. கியோங்குக்கும் சொல்லப்போவதில்லை.

போட்ட பிறகு, "இதுல வெளிய பேசக்கூடாதுன்னு இருக்கா?" என்று கேட்டேன். "மேல கேஸுக்குப் போகக்கூடாதுன்னுதான்க்கா இருக்கு" என்றாள்.

அது போதும். வார்டன் உன்னை அடித்தான். உன் காது போனது. அரசாங்கம் அதை விசாரிக்காமலே வழக்கை முடித்தது. கேட்கிறவர்களிடமும் கேட்காதவர்களிடமும் சாகும்வரை இதைச் சொல்லிக்கொண்டே இருப்பேன். அந்தக் காகிதத்தில் வெறும் கையெழுத்துதான் போட்டேன். இதற்குத்தான் காலையில் உன் படத்துக்கு முன்னால் கற்பூரம் ஏற்றி அடித்தேன். உள்ளங்கை இன்னும் எரிகிறது.

உன் கூடப் பிறந்தவள்,
சரசு அக்கா