பானெட்டில் மூன்று வட்டங்கள்

தேவயானி,

உன் அண்ணன் கொடுத்த காருக்கு நேற்று, பெயின்டைக் காக்கும் சீலண்ட் பூசினேன். இன்று கழுவிப் பார்த்தால் எங்கும் தண்ணீர் முத்துமுத்தாக நிற்கிறது. பானெட்டில் மூன்று வட்டங்களில் மட்டும் பரவிவிடுகிறது. ஏன் என்று புரியவில்லை. உன் அண்ணனை அழைத்துவர அரக்கோணம் ஸ்டேஷனுக்குப் பஸ்ஸில் கிளம்புகிறேன். வந்ததும் வண்டியைத்தான் முதலில் பார்ப்பார். ஒரு கீறலுக்காக உன் தம்பியோடு இரண்டு வருஷமாகப் பேசாதவர். அடுத்தது நாமாக இருக்கக் கூடாது.

மெழுகு தேய்த்தால் அந்த வட்டங்கள் இன்றைக்குத் தெரியாது. ஆனால் மெழுகு பெயின்ட் மேல் சும்மா உட்கார்ந்திருக்கும். நம் ஊர் வெயிலில் ஒரு மாதத்தில் போய்விடும். சீலண்ட் பெயின்டையே பிடித்துக்கொண்டு ஆறு மாதம் நிற்கும். அதனால்தான் அதை வாங்கினேன்.

சோறு குக்கரில் இருக்கிறது. ரசத்தை மட்டும் சுடவை.

காலையில் நான் கத்தியது தப்பு. "காரப் பாத்துப் பாத்து பயந்துகினே இருந்தா எப்பங்க ஓட்டுவீங்க?" என்று நீ கேட்டது நியாயம்தான்.

சந்திரமோகன்

பி.கு.: கேட் வரை போய்த் திரும்பி வந்தேன். கிருத்திகைக்கு மலைக் கோயிலில் வண்டிக்குப் பூசை போட்டபோது சந்தனமும் குங்குமமும் வைத்த இடங்கள்தான் அந்த மூன்று வட்டங்கள். கறை போகட்டும் என்று நான்தான் தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்தேன். எண்ணெய்ப் பிசுக்கின் மேல் சீலண்ட் பிடிக்காது. பாத்திரம் கழுவும் சோப்புத் தண்ணீரால் அந்த மூன்று இடங்களையும் கழுவி, நிழலில் உலர்த்தி, சீலண்டை மெல்லிசாகப் பூசி, ஒரு மணி நேரம் கழித்துத் துணியால் துடைத்துவிடு.