அறுப்பின் பண்டிகை ஏலத்தில் என் பைப்

செப். 17, புதன்

விடியற்காலையில் தூறல். பிறகு வெறும் புழுக்கம்.

இராஜாக்கமங்கலத்தில் நாசரின் ஆக்கர் கடை. பழைய இரும்புக் குவியலுக்கு நடுவே ஒரு புகையிலைப் பைப். பிரையர் மரம், வளைந்த தண்டு. கப்பல் வேலைக்காரர் யாருடைய பெட்டியோடோ வந்ததாம். கிண்ணத்துக்குள் விரல் நுழையாத அளவுக்குக் கரி. வாய்க்குழல் பச்சை பூத்து, பல் தடத்தோடு. வேண்டாம் என்று நினைத்துக்கொண்டேதான் கையில் எடுத்தேன்.

"சாருக்க நெஞ்சு என்ன இரும்பா? ஒண்ணு வலிச்சுத் தீரதுக்குள்ள அடுத்தது வாங்குதிய" என்றான் நாசர்.

நான் புகைப்பதில்லை. ஒரு நாளும் புகைத்ததில்லை. வாங்குவது, சுத்தம் செய்வது, துணியில் சுற்றி அலமாரியில் வைப்பது, அவ்வளவே. இது ஏழாவது. இதை விளக்க வாயெடுத்தேன். விளக்கினால் இன்னும் மோசமாகக் கேட்கும். சிரித்து வைத்தேன். எப்போதும் இதே கதை.

செப். 18, வியாழன்

வாய்க்குழல் கழலவில்லை. பலமாகத் திருகினால் முறியும். குளிர வைத்தால் மரமும் குழலின் எபோனைட் ரப்பரும் ஒரே அளவில் சுருங்காது, தானே இளகும். கல்லூரியில் முப்பது வருடம் வேதியியல் நடத்தியதன் பயன் இதுதான். நெகிழிப் பையில் போட்டு, ஃப்ரீசரில் நெத்திலிக்கு அடியில் வைத்தேன்.

பத்து நிமிடத்தில் ரூத் கண்டுபிடித்துவிட்டாள்.

"இது என்ன மீனாக்கும்?"

"கொஞ்ச நேரந்தான்."

"நெத்திலிக்கு மணம் மாறிச்சுண்ணா நாளைக்குக் கறி முழுக்க உங்களுக்குத்தான். பெஞ்சாதிக்குத் தெரிஞ்சது போகட்டும். சபையில தெரிஞ்சா? வருசா வருசம் போதை ஒழிப்பு ஞாயித்துக்கிழம உறுதிமொழி வாசிக்கது யாராம்?"

நான்தான். குரல் தெளிவாக இருக்கிறது என்று போதகர் ஐயர் என்னைத்தான் வாசிக்கச் சொல்வார். "புகையிலையைத் தொட மாட்டேன்" என்ற வரியை நான் சொல்லச் சொல்ல சபை திருப்பிச் சொல்லும். கேள்வி நியாயமானது. அதனால்தான் எரிச்சல்.

மதியம் கழன்றது.

கரி சுரண்டல்: பேனாக்கத்தி. (பெருவிரலில் வெட்டு.)
தண்டின் துளை: ஈர்க்கில் பஞ்சு சுற்றி. பதினொரு ஈர்க்கு, எல்லாம் தார் போலக் கறுப்பு.
வாய்க்குழல்: பற்பசை தேய்த்து. இன்னும் பச்சை.
மீதி: உப்பு, ஸ்பிரிட்.

செப். 19, வெள்ளி

உப்போடு ஊற வைக்கப் பிராந்திதான் உத்தமம் என்கிறார்கள். டாஸ்மாக் வாசலில் நான் நிற்பதாக எண்ணிப் பார்த்தேன். எண்ணத்திலேயே வியர்த்தது. மருந்துக்கடையில் சர்ஜிக்கல் ஸ்பிரிட் கேட்டேன்.

"வீட்டுல ஆருக்கு ஊசி, சார்?"

"மேசை துடைக்க."

ஒரு பொய். தேவையே இல்லாத பொய். திரும்பும் வழியெல்லாம் அதே நினைப்பு.

கிண்ணம் நிறைய உப்பு, மேலே ஸ்பிரிட் சொட்டுச் சொட்டாக. இரவு முழுக்க ஊற வேண்டும்.

செப். 20, சனி

வெயில். உப்பு முழுக்கக் காப்பி நிறம். கொட்டித் துடைத்தேன். உள்ளே மரத்தின் ரேகை, தீக்கொழுந்து போல மேலே ஏறி ஏறி. ஏழில் இதுவே அழகு. வெகுநேரம் கையிலேயே வைத்திருந்தேன். அதுதான் தப்பு.

வாசலில் ஆட்டோ. நாளை அறுப்பின் பண்டிகை. ஏலத்துக்குப் பொருள் சேர்க்கச் சபைச் செயலர் ஜெபமணியும் இரண்டு பேரும். "சார் உண்டுமா?" என்று நேராக உள்ளே வந்துவிட்டார். பைப் கையில். பக்கத்தில் கோயிலுக்கென்று ரூத் நிரப்பி வைத்த ஓலைக் கடவம். தேங்காய்களுக்கு நடுவே செருகினேன்.

அடுக்களையிலிருந்து ரூத் வந்தாள். "இந்தாங்க, எங்க வீட்டுப் பங்கு" என்று கடவத்தைத் தூக்கி அவரிடமே கொடுத்தாள்.

ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். "பொறுங்க" போதும். சொல்லவில்லை. ஆட்டோ போய்விட்டது. என்ன மனிதன் நான்.

ரூத்திடம் சொன்னேன். தலையில் கை வைத்துக்கொண்டாள்.

செப். 21, ஞாயிறு

ஆராதனை முடிந்து ஏலம். வாழைக்குலை, பலாப்பழம், கேக். ஏலத்தில் எடுத்ததைத் திரும்பச் சபைக்கே கொடுப்பது எங்கள் வழக்கம். மறுபடி ஏலம் போகும். ஒரே சேவல் மூன்று கை மாறிக் களைத்துவிட்டது.

பிறகு ஜெபமணி என் பைப்பைத் தூக்கிப் பிடித்தார். "இது ஆருக்க தோட்டத்து விளைச்சலாக்கும்?"

கூரை அதிரச் சிரிப்பு. நானும் சிரித்தேன். கேவலம்.

துபாயிலிருந்து லீவில் வந்திருக்கும் செல்வின் முதலில் கேட்டான். "எனக்கு இருக்கட்டும். வாயில வச்சு ஒரு போட்டோ எடுக்கணும்."

கையைக் காது வரை உயர்த்தினேன். மீண்டும் உயர்த்தினேன். செல்வின் விட்டுக்கொடுத்தான். எனக்கு விழுந்தது. எழுந்து போய் வாங்குவதற்குள் ஜெபமணி: "பாத்தியளா, கெட்ட சாமான் சின்னப் பயலுவ கையில போகக்கூடாதுண்ணு சார் எடுத்துச் சபைக்கே குடுத்துட்டாரு. ரெண்டாந்தரம்!"

கைதட்டல். நான் கொடுக்கவே இல்லை. மறுபடி கேட்டேன். மறுபடி எனக்கே. மறுபடி கைதட்டல்.

பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: "சாரை ஏன் இப்பிடிப் போட்டு வதைக்குதிய? அத ஒடச்சு அடுப்புல போடுங்க, மனுசனுக்கு மனசு ஆறட்டும்."

"நல்ல காரியம்" என்று ஜெபமணி இரண்டு கையாலும் பைப்பைப் பிடித்தார். மரத்தை ஒரு கை, வாய்க்குழலை ஒரு கை.

எப்போது எழுந்தேன் என்று தெரியவில்லை.

"ஒடைக்காதீங்க. நான் திருப்பிக் குடுக்கல்ல. அது எனக்கு வேணும். வந்ததும் எங்க வீட்டுக் கடவத்துலேருந்துதான்."

சேவல் மட்டும் கூவியது. ஐயர் தம் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். நடந்து போய் வாங்கிக்கொண்டேன். புகைப்பதில்லை என்று சொல்ல மறந்துபோனேன். இனி யார் நம்புவார்கள்? உறுதிமொழியை வேறு யாராவது வாசிக்கட்டும்.

வீட்டுக்கு வந்ததும் ரூத் சோறு போட்டாள். சாப்பிடும்போது, "எல்லாருக்கும் நான் வலிப்பேன்னுதான் தோணியிருக்கும்" என்றேன்.

"நீங்க வலிக்கதில்லண்ணு எனக்குத் தெரியும். எனக்கு மூக்கு உண்டு." குழம்பு ஊற்றினாள். "ஆனா அத்தன பேருக்கு முன்னால எந்திரிச்சு நிண்ணு 'எனக்கு வேணும்'ண்ணு சொன்னியளே. என்னப் பெண்ணு பாக்க வந்த அண்ணைக்கு நீங்க வாயத் தெறக்கல்ல. வேணும்ண்ணு சொன்னது உங்க அம்மையாக்கும்."

கோபமாகச் சொன்னாளா, விளையாட்டாகவா என்று கேட்கவும் தைரியம் வரவில்லை.

செப். 22, திங்கள்

மேகமூட்டம். கிண்ணத்துக்குள் யாரோ கேக் துணுக்கு திணித்திருக்கிறார்கள். வாய்க்குழலில் ஒரு குழந்தையின் புதுப் பல் தடம். எல்லாம் முதலிலிருந்து. உப்பு போட்டு, ஸ்பிரிட் விட்டு, ஜன்னலில் வைத்தாயிற்று.

ரூத் அடுக்களையில் நெத்திலி ஆய்ந்துகொண்டிருக்கிறாள். நேற்று அவள் சொன்னதற்குப் பதில் உண்டு. பெண் பார்க்கப் போன அன்றைக்கும் எனக்கு வேணும் என்றுதான் இருந்தது. அதைச் சொல்ல இன்று இரண்டு முறை அடுக்களை வாசல் வரை போனேன். முதல் முறை தண்ணீர் கேட்டேன்.

இரண்டாம் முறை உப்பு கேட்டேன். பேனாவை வைத்துவிட்டு மூன்றாம் முறை போகிறேன்.