சாவி திரும்பும் சத்தம்

ஜூன் 12

அன்புள்ள அம்மாவுக்கு,

போனை அப்பாவே வைத்துக்கொள்வதால் எழுதுகிறேன். பதிலைப் பள்ளி முகவரிக்கே போடு.

எனக்கு மறுபடி வயிற்றுவலி. டாக்டர் அழுத்திப் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்றார். “எல்லாம் நடிப்பு” என்கிறார் அப்பா. ஆலை மூடியதிலிருந்து அவர் வெளியே போனால் எந்த முகத்தோடு திரும்புவார் என்று தெரிவதில்லை. கதவில் சாவி திரும்பும் சத்தம் கேட்டாலே நெஞ்சு படபடக்கிறது, கை சில்லிட்டுப் போகிறது. நான் எதையும் நினைப்பதுகூட இல்லையம்மா. உடம்பு தானாக ஆரம்பித்துவிடுகிறது. வகுப்பில் யாராவது நாற்காலியை இழுத்தாலும் தூக்கிவாரிப் போடுகிறது.

உன் வாயாடி

ஜூன் 30

என் வாயாடிக்கு ஆயிரம் முத்தம்.

நீ வேளைக்குச் சாப்பிடுவதில்லை, அதுதான் வயிறு வலிக்கிறது. அப்பா கெட்டவர் இல்லை கண்ணே, வேலை போன ஆத்திரம். எதிர்த்துப் பேசாதே, கொஞ்சம் பொறுத்துப் போ. என் பாஸ்போர்ட் நான் வேலை செய்கிற வீட்டுக்காரர்களிடம் இருக்கிறது. ஒப்பந்தம் முடியாமல் விடமாட்டார்கள். இங்கே பெரியவரைக் குளிப்பாட்டும்போதும் உங்கள் நினைப்புதான்.

அம்மா

ஜூலை 18

அம்மா,

நான் எதிர்த்துப் பேசுவதில்லை. இப்போதெல்லாம் பேசுவதே இல்லை. தேர்வில் கேள்வித்தாள் கண்ணில் பட்டது, மண்டையில் ஏறவில்லை. வெறுந்தாளைக் கொடுத்துவிட்டு வந்தேன். பள்ளி ஆலோசகர் கூப்பிட்டார். திட்டுவார் என்று நினைத்தேன்.

“நீ நடிக்கலம்மா. ஆபத்துன்னா ஓடுறதுக்கோ எதிர்க்கிறதுக்கோ உடம்பு தயாராகும். உனக்கு ஓட இடமில்ல, எதிர்க்கவும் முடியல. அதான் அது தயாராவே நின்னுக்கிட்டிருக்கு. மாசக்கணக்கா அப்படி நின்னா மனசும் ஓஞ்சு போகாதா?” என்றார்.

மூச்சை மெதுவாக விடச் சொல்லிக்கொடுத்தார். அவர் அறையில் சரியாகிறது. வீட்டில் மூச்சுவிடும் சத்தம் கேட்டுவிடுமோ என்று அடக்கிக்கொள்கிறேன்.

நேற்று அப்பா தட்டை வீசினார். யார் மேலும் படவில்லை. தம்பி நின்ற இடத்திலேயே என் பாவாடையைப் பிடித்துக்கொண்டே ஒன்றுக்குப் போய்விட்டான். சித்தி எங்களை வரச் சொல்கிறாள். நீ சொன்னால் போகிறோம்.

ஆகஸ்ட் 5

கண்ணே,

படித்துவிட்டு எழுந்திருக்க முடியவில்லை. பொறுத்துப் போ என்று இனி எழுத மாட்டேன். தம்பியைக் கூட்டிக்கொண்டு உடனே சித்தி வீட்டுக்குப் போ. அப்பாவிடம் நான் சொல்லிக்கொள்கிறேன். பேசுகிறவர்கள் பேசட்டும். உன்னை நம்பாமல் போனேனே.

அம்மா

ஆகஸ்ட் 29

அம்மா,

சித்தி வீட்டில் இருக்கிறோம். தம்பி நன்றாகத் தூங்குகிறான். என் வயிற்றுவலி குறைந்திருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை அப்பா வந்தார். சவரம் செய்து, தேய்த்த சட்டை போட்டிருந்தார். ஒரு கிடங்கில் வேலை கிடைத்திருக்கிறதாம். உள்ளே வராமல் வாசலிலேயே நின்று, “சாப்பிட்டியாம்மா?” என்று கேட்டார். அவ்வளவுதான். தம்பி ஓடிப்போய் அவர் காலைக் கட்டிக்கொண்டான். சாப்பிட்டேன்ப்பா என்று சொல்லத்தான் நினைத்தேன், வாய் வரவில்லை. சன்னலுக்குப் பக்கத்தில் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றேன். அவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

திட்ட வரவில்லை என்று எனக்குத் தெரிந்ததம்மா. உடம்புக்குத் தெரியவில்லை. அதற்கு எப்படிச் சொல்வது?

உன் மகள்