ஒரு கிணறு, இரண்டு மோட்டார்

பிப்ரவரி 11

மோட்டார் மறுபடி எரிந்துவிட்டது. வோல்டேஜ் இல்லாத கரண்டில் முக்கி முக்கி ஓடி, கடைசியில் புகைந்தே போனது. மெக்கானிக் மோந்து பார்த்துவிட்டு, இதற்கு இனிமேல் வைத்தியம் பார்ப்பது வீண் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். நிழல்வலைக்கு அடியில் விற்க வளர்க்கும் மிளகாய் நாற்றெல்லாம் தலை தொங்கிக் கிடக்கிறது. அக்காதான் தன் தொட்டியிலிருந்து ஹோஸை இழுத்து மதிலுக்கு மேலே போட்டாள். "அவர் வர்றதுக்குள்ள புடிச்சுக்கோ."

எழுதும்போதும் அக்கா என்றுதான் வருகிறது. கூடப் பிறந்தவள் இல்லை, ஓரகத்தி. பாகம் பிரித்ததிலிருந்து அவள் வீட்டுக்காரருக்கும் என் வீட்டுக்காரருக்கும் பேச்சு கிடையாது. அண்ணனும் தம்பியும் சேர்ந்து செய்த கடைசி வேலை, நடுவில் இந்த மதிலை எழுப்பியதுதான். கிணற்றுக்கு நடுவில் எழுப்ப முடியவில்லை. அதனால் அது மட்டும் பொதுவாகத் தப்பித்தது.

பிப்ரவரி 14

சாயங்காலம் மோட்டாருக்குக் கரண்ட் வரும் நேரம் கால் தானாகக் கிணற்றடிக்குப் போய்விட்டது. போடுவதற்கு மோட்டார்தான் இல்லை. அக்கா இருந்தாள். வழக்கமாக அவரவர் மோட்டாரைப் போட்டுவிட்டு, தொட்டி நிறையும்வரை கிணற்றுச் சுவரில் உட்கார்ந்திருப்போம். அந்தச் சத்தத்தில் நாங்கள் பேசுவது வீட்டுக்குள் யாருக்கும் கேட்காது. இன்றைக்குத் தன் வீட்டுக்காரர் குறட்டையைப் பற்றி ஒரு பாட்டம் புலம்பினாள். "மோட்டாராவது கரண்ட் போனா நிக்கும்டி." சிரித்துச் சிரித்து எனக்கு விக்கல் வந்துவிட்டது.

பிப்ரவரி 20

சோலார் போடுவது என்று இவர் முடிவு செய்துவிட்டார். சோலார்காரர் வந்து அளந்தார். கொட்டகைக் கூரை மேல் பேனல், கிணற்றின் அடியில் மூழ்கி ஓடும் பம்ப். வெயில் உள்ளவரை வெயிலில் ஓடுமாம். மேகம் மூடினால் அதுவாகவே கரண்டுக்கு மாறிக்கொள்ளுமாம். ஒரே ஒரு தடங்கல் — அண்ணன் பக்கத்து மரத்தின் கிளை ஒன்று மதியத்துக்கு மேல் கூரையில் நிழல் போடுகிறது. வெட்டச் சொல்லிக் கேளுங்கள் என்றார். யார் கேட்பது? இவரா? பேனலை இருட்டில் வைத்தாலும் வைப்பாரே தவிர...

பிப்ரவரி 23

காலையில் மரம் வெட்டும் சத்தம். எட்டிப் பார்த்தால் அந்தக் கிளை கீழே கிடக்கிறது. காற்றடித்தால் வீட்டு மேல் விழும் என்று அக்காதான் புருஷனைப் பயமுறுத்தி வெட்ட வைத்தாளாம். இவர் என்னவென்றால், "அண்ணனுக்குக்கூடப் புத்தி வந்துடுச்சு போல" என்கிறார். கிணற்றடியில் அக்காவிடம் நான் புலம்பியது இவருக்குத் தெரியாது.

மார்ச் 6

தண்ணீர் வந்துவிட்டது. சத்தமே இல்லை. முதல் தண்ணீர் தொட்டியில் விழுந்தபோது இவர் கையை நீட்டி நனைத்துக்கொண்டு நின்றார். இந்த மனிதர் முகத்தில் சிரிப்பைப் பார்த்து எத்தனை வருடம் ஆகிறது.

மார்ச் 18

நாற்றுத் தட்டுகளைக் கூட்டியிருக்கிறோம். விதை, உரம், வேன், ஆர்டர். உட்கார நேரமில்லை.

மார்ச் 27

நாள் முழுக்க மேகம். சாயங்காலம் பம்ப் தானாகக் கரண்டுக்கு மாறி ஓடியிருக்கிறது, எனக்குத் தெரியவே தெரியாது. கிணற்றடிக்குப் போகிற வேலையே இல்லாமல் போய்விட்டது. அக்காவைப் பார்த்து நாளாகிறது. நாளைக்குப் போக வேண்டும்.

ஏப்ரல் 2

போகவில்லை.

ஏப்ரல் 13

தெருக்கோடி பொதுக்குழாயிலிருந்து அக்கா இடுப்பில் குடத்தோடு வந்துகொண்டிருந்தாள். நான் வேனில் தட்டு ஏற்றிக்கொண்டிருந்தேன். என்னைப் பார்த்ததும் ஒரு நொடி திரும்பிப் போகப் பார்த்தாள். மோட்டார் கெட்டுவிட்டதா என்று கேட்டேன். இல்லை, குழாய்த் தண்ணீர் ருசியாக இருக்கிறது என்றாள். பொய் சொல்லத் தெரியாதவள்.

சாயங்காலம் கரண்ட் வந்ததும் கிணற்றடியில் போய் நின்றேன். அவள் மோட்டார் காற்றைத்தான் இழுக்கிறது. அவர்கள் பைப் பாதிக் கிணற்றோடு முடிந்துவிடுகிறது. நம்முடைய பம்ப் கிடப்பது அடியில். பகலெல்லாம் நாம் இறைத்துவிட்டால், சாயங்காலம் அவர்கள் பைப்புக்குக் கீழேதான் தண்ணீர் இருக்கிறது. முன்பெல்லாம் இரண்டு பேரும் ஒரே நேரம் இறைப்போம், மீதி நேரமெல்லாம் கிணறு ஊறும். இப்போது எங்கே ஊற விடுகிறோம்?

அக்கா வந்ததும் கேட்டேன். மார்ச்சிலிருந்தே இப்படித்தானாம். ஏன்க்கா ஒரு வார்த்தை சொல்லல? நான் என்ன வேத்தாளா?

"சொன்னா நீ அவர்கிட்ட சொல்லுவ. அப்புறம் ரெண்டு பேரும் அரிவாளைத் தூக்குவாங்க. ரெண்டு குடம் தண்ணிக்கு எதுக்கு அது?"

ஏப்ரல் 14

இவரிடம் சொன்னேன். மதியத்தோடு நிறுத்திக்கொள்ளலாம், இல்லையென்றால் நம் குழாயிலிருந்தே அவர்கள் தொட்டிக்கு ஒரு கிளைக்குழாய் கொடுத்துவிடலாம், வெயில் என்ன நம் வீட்டுச் சொத்தா என்றேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் தட்டிலேயே கையைக் கழுவிவிட்டார்.

"கெணத்துல பாதி என்னுது. வேணும்னா அவர் வந்து கேக்கட்டும்."

அவர் கேட்க மாட்டார். கேட்க மாட்டார் என்று தெரிந்துதானே இவர் சொல்கிறார்.

ஏப்ரல் 15

மதியம் நானே போய்ப் பெட்டியில் ஸ்விட்சை அணைத்தேன். இவர் பின்னாலேயே போய்ப் போட்டார்.

ஏப்ரல் 16

அணைத்தேன். போட்டார். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் நாங்கள் இப்படி ஒரு சண்டை போட்டதில்லை, வாயே திறக்காமல்.

ஏப்ரல் 19

அக்கா விழுந்துவிட்டாள். குழாயடிப் பாசியில் வழுக்கி. இடுப்பெலும்பு. நான் ஓடுவதற்குள் நாலு பேர் தூக்கி ஆட்டோவில் வைத்துவிட்டார்கள். குடம் உருண்டு சாக்கடையோரம் கிடந்தது. அதை எடுத்துவந்து கழுவினேன். ஏன் கழுவினேன், எனக்கே தெரியவில்லை. எழுத முடியல.

ஏப்ரல் 21

ஆபரேஷன் முடிந்தது. ஆஸ்பத்திரியில் அவள் வீட்டுக்காரர் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்து எழுந்து இடம் விட்டார். திட்டியிருந்தால் தேவலை. அக்கா மயக்கத்தில் ஏதோ முனகினாள். குனிந்து கேட்டேன். அடுப்பில் பால் இருக்கிறதாம்.

இவர் ஆஸ்பத்திரி வாசல் வரை வேனில் கொண்டுவந்து விட்டார். உள்ளே வரவில்லை. நான் திரும்பி வரும்வரை வேனிலேயே உட்கார்ந்திருந்தார்.

ஏப்ரல் 29

காலையில் சோலார்காரர் வந்து நின்றார். இவர்தான் வரச்சொல்லியிருக்கிறார், என்னிடம் மூச்சு விடவில்லை. நம் குழாயில் ஒரு வால்வு வைத்து, மதிலில் ஓட்டை போட்டு, அவர்கள் தொட்டி வரை பைப் இழுத்தார்கள். அரை நாள் வேலை. வெறும் அரை நாள்.

எனக்குக் கோபம்தான் வந்தது. இதைத்தானே அன்னைக்கே சொன்னேன்? இவரிடம் கேட்கவில்லை. மதிலில் துளை போடும்போது பறந்த தூசியில் நின்றுகொண்டே இருந்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டு. தூசியோ என்னவோ.

மே 8

அக்காவை ஆஸ்பத்திரியிலிருந்து நேரே மகள் வீட்டுக்குக் கூட்டிப் போய்விட்டார்கள். இங்கே அவள் வீட்டுத் தொட்டியில் தண்ணீர் நிரம்பித் தளும்புகிறது. குளிக்க அண்ணன் ஒருவர்தான்.

மே 24

அக்கா போனில் பேசினாள். பக்கத்தில் ஆள் பிடித்துக்கொண்டால் நாலடி நடக்கிறாளாம். படியேற முடியாது, ஆனால் மகள் வீடு மாடியில். அதனால் கீழே இறங்குவதே இல்லை. தண்ணீர் கொடுத்ததைக் கேள்விப்பட்டாயா என்றேன். கேள்விப்பட்டாளாம். "இங்க குழாயைத் தொறந்தா கொட்டுது. உக்காந்து பேசத்தான் கெணத்தடி இல்ல."

எப்போது வருவாய் என்று கேட்கலாம் என்று நினைத்தேன். அதற்குள் பேரனைக் கூப்பிட்டுவிட்டாள்.

ஜூன் 17

அண்ணன் வீட்டைப் பூட்டிக்கொண்டு மகள் வீட்டுக்கே போகிறார். வாடகைக்கு விடப் போகிறாராம். போவதற்கு முன்னால் தன் மோட்டாரைக் கழற்ற வந்தார். மோட்டார் கழன்றுவிட்டது. பைப்தான் வரவில்லை. கிணற்றுக்குள் இறங்கிய இரும்புப் பைப்பை ஒற்றை ஆளாக இழுக்க முடியுமா? இரண்டு தடவை தூக்கினார், இரண்டு தடவையும் நழுவிவிட்டது. நான் ஜன்னலில் நின்றேன். இவர் எனக்குப் பின்னால் நின்றார்.

பிறகு செருப்பைப் போட்டுக்கொண்டு போனார்.

ஒருவர் மேலிருந்து இழுக்க, ஒருவர் குனிந்து பிடிக்க, பைப் கொஞ்சம் கொஞ்சமாக மேலே வந்தது. "மெதுவா" என்றார் அண்ணன். "நீ விடு, நான் புடிச்சுக்கறேன்" என்றார் இவர். பிறகு "கால் பாத்து" என்று யாரோ சொன்னது கேட்டது. இரண்டு பேர் குரலும் ஒன்று போலத்தான் இருக்கும், யார் சொன்னது என்று தெரியவில்லை. பைப்பை வண்டியில் ஏற்றிக் கட்டினார்கள். அண்ணன் கையைத் தட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். வண்டிக்காரர் ஹாரன் அடித்தார். ஏறிப் போய்விட்டார்.

இவர் அதற்கப்புறமும் வெகுநேரம் கிணற்றுக்குள் பார்த்துக்கொண்டிருந்தார். பைப் இருந்த இடத்தில் சுவரில் நீளமாக ஒரு துருக்கோடு இறங்குகிறது. சாப்பிடக் கூப்பிட்டேன். வந்தார். சாப்பிடவில்லை.

இன்று நல்ல வெயில். தொட்டி மதியத்துக்கு முன்னாலேயே நிறைந்துவிட்டது.