நீல ரிமோட் இனி எனக்கு

என்னோடு சண்டை போட்டே காலம் தள்ளிய சரோஜா அக்காவுக்கு,

போன இடத்தில் சௌக்கியமா? அங்கேயும் நாலு பேர் சுற்றி உட்கார்ந்து உங்கள் கைப்பக்குவத்தைப் புகழ்ந்துகொண்டிருப்பார்கள். இங்கே அதுதான் நடக்கிறது. நீங்கள் போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. அடுப்படி முழுக்க என் கைக்கு வந்துவிட்டது. ஆனாலும் சாப்பிட உட்கார்ந்தால் உங்கள் பேச்சுதான்.

நேற்றுக் கருவாட்டுக் குழம்பு வைத்தேன். மாட வீதியில் நானே பொறுக்கி வாங்கின கத்தரிக்காய். என் பிள்ளை குமார் ஒரு வாய் வைத்துவிட்டுச் சொல்கிறான்: "நல்லாத்தான் கீதும்மா. ஆனா பெரிம்மா வெச்சா வேற மாரி இருக்கும்."

நான் பெற்ற பிள்ளை! அத்தனை வருஷமும் கருவாடு கழுவினது யார்? மசாலா அரைத்தது யார்? நீங்கள் கடைசியில் வந்து, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, கரண்டியை எடுத்துப் பரிமாறுவீர்கள். பேர் உங்களுக்குப் போய்விடும்.

இதைப் படிக்கிற மற்றவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். சரோஜா அக்கா என் வீட்டுக்காரருடைய அண்ணன் பெண்டாட்டி. மயிலாப்பூர் குளத்துக்குப் பின்னால் ஒரே வீடு, ஒரே அடுப்படி, இரண்டு மருமகள்கள். பாக்கியை நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள்.

அக்கா, உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதா? நம் பேத்தி ஷாலு அடையாறில் வேலைக்குச் சேர்ந்து, முதல் சம்பளத்தில் தி.நகர் போய், டிவியில் மாட்டுகிற விளையாட்டுப் பெட்டி வாங்கி வந்தாளே. வாங்கினது அவளுக்காக. பிடித்துக்கொண்டது நாம் இரண்டு பேரும். மத்தியானம் பாத்திரம் கழுவிக் கவிழ்த்த கையோடு அந்த ஓட்டல் ஆட்டத்தைப் போட்டால், சாயந்திரம் விளக்கு வைக்கிற வரைக்கும் எழுந்திருக்க மாட்டோம்.

திரையில் ஓர் ஓட்டல் சமையற்கட்டு. மேலே தக்காளி, வெங்காயம், பன்னு என்று படம் வரும். அதைப் பார்த்து நறுக்கி, வறுத்து, தட்டில் வைத்து, நேரம் முடிவதற்குள் கொடுக்க வேண்டும். இரண்டு பொம்மைகள், இரண்டு பேர், ஆட்டுவதற்கு ஆளுக்கொரு ரிமோட். ஒரு எழுத்துக்கூடக் கிடையாது, எல்லாம் படம்.

நீங்கள் பத்தாவது பாஸ் செய்தவர். பேங்குப் பாரம் வந்தால் உங்களிடம், கரண்ட் பில் வந்தால் உங்களிடம். நான் ஐந்தாவதோடு நின்றவள். அந்தத் திரைக்கு முன்னால் மட்டும்தான் நாம் சமம். சமம் என்ன, நான் ஒரு படி மேலே. ஒவ்வொரு ஆட்டமும் முடிந்தவுடன் அதிகம் வேலை செய்த பொம்மைக்கு அந்தப் பெட்டியே கிரீடம் வைக்கும். என் கையிலிருந்த தட்டை எத்தனை தடவை நீங்கள் பிடுங்கிக்கொண்டு போய்க் கொடுத்தாலும், நறுக்கினது யார், வறுத்தது யார் என்று அதற்குத் தெரியும். கிரீடம் எனக்குத்தான் வரும். நம் வீட்டுச் சாப்பாட்டு மேஜைக்கு அந்தப் புத்தி கிடையாது.

என்ன சத்தம் போடுவோம்!

"யக்கா, தட்டு எங்க? தீயுது, தீயுது!"

"இருடி, வெங்காயத்தப் பொடியா நறுக்கினு வரேன்."

"டிவில இன்னாத்துக்குப் பொடியா நறுக்கறீங்க? ஒரு அமுக்கு அமுக்கினா போதும்!"

"உன்ன மாரி கண்டபடி நறுக்க எனக்குத் தெரியாதும்மா."

மாடி வீட்டுக்காரர்கள் நிஜச் சண்டை என்று எட்டிப் பார்த்துவிட்டுப் போவார்கள். உங்கள் கொழுந்தன் அறையிலிருந்து கத்துவார்: "ரெண்டு பேரும் நெஜமாவே எதுனா சமைங்க, பசிக்குது!"

முதல் பாகத்தில் தள்ளுவண்டிக் கடை, இரண்டாவதில் ஆடுகிற படகு, மூன்றாவதில் மலை உச்சி. மூன்றையும் முடித்தோம். மூன்றிலும் நீல ரிமோட் உங்களிடம்தான். "பெரிய மருமகளுக்குத்தான் நீலம்" என்று எடுத்துக்கொள்வீர்கள். எனக்கு அந்தக் கறுப்பு, பட்டன் சிக்கிக்கொள்கிற கறுப்பு. கறுப்பை வைத்துக்கொண்டே கிரீடம் வாங்கினவள் நான் என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

இப்போது ஊர்ச் செய்தி. நீங்கள் போன பிறகு நான்காம் பாகம் வந்துவிட்டது. ஷாலு ஆசையாகப் போட்டுக் கொடுத்தாள். முதல் தடவையாக நீலம் என் கையில். இந்தப் பாகத்தில் கூட ஆள் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, கம்ப்யூட்டரே ஒரு உதவி ஆளைத் தரும். வழியில் நிற்காது, பிடுங்காது. நான் நினைப்பதற்குள் தட்டு தயாராக இருக்கும். எல்லாக் கட்டத்திலும் மூன்று நட்சத்திரம். கிரீடத்துக்குப் போட்டியே இல்லை.

அறையிலிருந்து உங்கள் கொழுந்தன் கேட்டார்: "இன்னா வள்ளி, சத்தமே காணோம்? ஒடம்பு கிடம்பு சரியில்லையா?"

நான் ரிமோட்டைக் கீழே வைத்துவிட்டேன்.

"படம் பளபளன்னு கீது, உப்பில்ல. நாலாம் பாகத்துல கெடுத்துட்டானுங்க" என்றேன் ஷாலுவிடம். அவள் உடனே பழைய மூன்றாம் பாகத்தைப் போட்டு, தானே கறுப்பை எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள். நல்ல பெண். "நீ போ ஆயா, நீ எடு ஆயா, பரவால்ல ஆயா" என்று மரியாதையாக ஆடினாள். அதே மலை, அதே அடுப்பு. எனக்குக் கொட்டாவி வந்தது. கீரை ஆய வேண்டும் என்று எழுந்துவிட்டேன்.

அப்போதுதான் அவள் சொன்னாள்: "பெரியாயா ஆடினப்ப செம்மயா இருந்துச்சு, இல்ல ஆயா? அவங்க இல்லாம இந்த ஆட்டமே இல்ல."

எனக்கு வயிறு எரிந்தது அக்கா. கிரீடம் வாங்கினது நான், பேர் மறுபடியும் உங்களுக்கு! குழம்பில் பேர் எடுத்தீர்கள், போகட்டும். டிவிக்குள்ளே இருந்த ஒரு சமையற்கட்டு, அது ஒன்றுதானே என்னுடையது? அதையுமா கையோடு கொண்டுபோக வேண்டும்? அதைவிட எரிச்சல், அந்தப் பெண் சொன்னது பொய்யில்லை.

வருகிற வெள்ளிக்கிழமை உங்களுக்கு முதல் வருஷப் படையல். உங்களுக்குப் பிடித்ததையெல்லாம் படத்துக்கு முன்னால் வைக்க வேண்டுமே. குமார் கதம்பம் என்றான், மசால்வடை என்றான். ஷாலு, "நீல ரிமோட்டையும் வெச்சிடலாமா ஆயா?" என்றாள்.

"வெக்கக் கூடாது. அது என்னுது."

"எப்பவும் பெரியாயாதான அத வெச்சினு இருப்பாங்க?"

"அதனாலதான் என்னுது."

பெண் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை.

ஆகவே முடிவு செய்துவிட்டேன், கேட்டுக்கொள்ளுங்கள். வெள்ளிக்கிழமை குழம்பு நான் வைப்பேன். உங்கள் படத்துக்கு முன்னால் இலை போட்டு நானே பரிமாறுவேன். ஒரு தடவையாவது உட்கார்ந்து என் கையால் சாப்பிடுங்கள். குறை இருந்தால் கனவில் வந்து சொல்லுங்கள், அங்கேயே பதில் சொல்கிறேன். இலைக்குப் பக்கத்தில் ரிமோட்டும் வைப்பேன். கறுப்பை. பட்டன் சிக்கினால் எப்படி இருக்கும் என்று நீங்களும் பாருங்கள்.

எல்லோரும் சாப்பிட்டுப் படுத்த பிறகு, மூன்றாம் பாகத்தை இரண்டு பேர் ஆட்டமாகப் போடுவேன். கம்ப்யூட்டர் ஆள் வேண்டாம், ஷாலுவும் வேண்டாம். உங்கள் பொம்மை அடுப்புக்கு முன்னால், வழியை மறித்துக்கொண்டு, ஆடாமல் அசையாமல் நிற்கும். நிற்கட்டும். அதை இடித்துக்கொண்டு, சுற்றிக்கொண்டு, வாய் ஓயாமல் திட்டிக்கொண்டு நான் சமைப்பேன். ஒரு நட்சத்திரம்கூட வராது. பன்னு தீய்ந்து புகை வரும். மாடி வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்க்கிற அளவுக்குச் சத்தம் போடுவேன், இது சத்தியம்.

கிரீடம் மட்டும் எனக்குத்தான்.

இப்படிக்கு,
நீங்கள் நறுக்குவதற்காக இன்னும் காத்திருக்கும்
உங்கள் ஓரகத்தி, சின்ன மருமகள் வள்ளி