நனைத்த பஞ்சு

மார்ச் 3, செவ்வாய்

ஆபரேஷன் தியேட்டரில் இன்று நான்கு கேஸ். கடைசியாக ஒரு லாரி டிரைவர். கால் எலும்பு முறிந்து தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே நின்றது. எலும்பைச் சேர்த்து உலோகப் பிளேட் வைத்த பிறகு டாக்டர் மருந்துப் பஞ்சு கேட்டார். மெல்லிய வெள்ளைத் தகடு அது. உள்ளே வைத்துத் தைத்தால் கிருமிக்கொல்லி மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, தானும் கரைந்துபோகும். கையுறையில் ஒட்டுகிறதே என்று உப்புநீரில் போட்டேன். டாக்டர் எக்ஸ்ரே பார்த்து முடிக்கும்வரை கிண்ணத்திலேயே கிடந்தது.

இடுப்பு விட்டுப்போச்சு. படுக்க வேண்டும்.

மார்ச் 6

மழை. துணி காயவில்லை.

மார்ச் 9, திங்கள்

சின்ன ஆஸ்பத்திரி, தியேட்டர் முடிந்தால் வார்டும் நான்தான். டிரைவருக்குக் காய்ச்சல். கட்டைப் பிரித்தால் வாடை, தையலுக்கு நடுவில் சீழ். அவர் மனைவி வாசலில் மடக்கினாள். "சீழ் பிடிக்காம இருக்க உள்ள ஏதோ வச்சிருக்குன்னு சொன்னீங்களே சிஸ்டர்?"

"டாக்டர் பார்ப்பார்மா" என்று நழுவிவிட்டேன்.

மார்ச் 10

ஸ்டோரில் பஞ்சுப் பெட்டியைப் பிரித்து, உள்ளே மடித்திருந்த தாளைப் படித்தேன். உலர்ந்தபடியே வைக்க வேண்டும். முன்கூட்டி நனைத்தால் மருந்து நீரோடு போய்விடும்.

ஆறு வருஷமா இந்தப் பெட்டியைப் பிரிக்கிறேன். தாளைக் குப்பையிலதான் போட்டிருக்கேன். அப்போ அன்னைக்கு நான் கொடுத்தது என்ன — வெறும் பஞ்சா?

ராத்திரி வீட்டில் இவரிடம் சொன்னேன். "யாருக்குத் தெரியப்போகுது? சும்மா இரு. வேலைக்கு உலை வச்சுக்காதே" என்றார். என் மேல் உள்ள அக்கறைதான்.

மார்ச் 11, புதன்

காலையிலேயே டாக்டரிடம் சொல்லிவிட்டேன். பேனாவை மூடி வைத்தார். "ரோட்டு மண்ணு போன காலு. நீ நனைக்காம இருந்தாலும் சீழ் பிடிச்சிருக்கலாம். பிடிக்காமலும் இருந்திருக்கலாம். நீ கிண்ணத்துல போட்டதை நானும் பார்த்தேன், எனக்கும் உறைக்கலை. வா, அவங்ககிட்ட ரெண்டு பேருமாச் சொல்லுவோம்."

சொன்னோம். டிரைவர் கண்ணை மூடிக்கொண்டார். அவள் என்னை மட்டும் பார்த்தாள். "கேட்டப்போ நழுவிட்டுப் போனீங்களே."

மதியம் மறுபடி திறந்து, கழுவி, அழுகியதைச் சுரண்டி எடுத்தோம். கையுறை மாற்றி, உலர்ந்த இடுக்கியால் புதுப் பஞ்சைக் கொடுத்தேன்.

மார்ச் 14

காய்ச்சல் இறங்கவில்லை. காலை எடுக்க வேண்டிவருமா என்று அவள் டாக்டரிடம் கேட்டது காதில் விழுந்தது. என்னோடு பேச்சே இல்லை.

மார்ச் 16

காய்ச்சல் இல்லை. நம்பாமல் இன்னொரு தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தேன். இல்லை.

மார்ச் 18

நிர்வாகத்தில் விளக்கக் கடிதம் கேட்டார்கள். உள்ளதை எழுதினேன். இவர் வாங்கிப் படித்து, இரண்டு பிழை திருத்திக் கொடுத்தார்.

மார்ச் 20

தியேட்டரிலிருந்து எடுத்துவிட்டார்கள். இனி கட்டு மாற்றும் அறை.

ஏப்ரல் 1, புதன்

டிரைவர் ஊன்றுகோலோடு தையல் பிரிக்க வந்தார். புண் காய்ந்து, சுத்தமாக மூடியிருந்தது. நான் ஒதுங்கி, இன்னொரு சிஸ்டரைக் கூப்பிட்டேன்.

"வேணாம்" என்றாள் அவர் மனைவி. "இவங்களே பிரிக்கட்டும்."

பிறகு என் தோளை ஒட்டி வந்து நின்றாள். நான் கத்தரியை எடுத்ததும், "கையுறையை மாத்திட்டு ஆரம்பிங்க" என்றாள்.

மாற்றினேன். பதினான்கு தையல். ஒவ்வொன்றுக்கும் என்னோடு சேர்ந்து அவளும் குனிந்தாள்.